மலையேறும் தம்பிக்குக் கையைக் கடிக்காத பரிசு: எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது?

முகில்வாணி

தம்பிக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். விடுமுறை கிடைத்தால் போதும், முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு எங்காவது மலைக்குப் போய்விடுகிறவன். கூடாரம், அடுப்பு, தூக்கப்பை எல்லாவற்றையும் தானே சுமந்துபோய், இரண்டு மூன்று இரவு தங்கிவிட்டு வருவான். எனக்கு அந்தப் பைத்தியம் இல்லை. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அதனால் அவனுக்கு எது உதவும், எது பரணில் தூங்கும் என்று கணிக்கத் தெரியவில்லை.

பெரிய தொகை செலவழிக்க முடியாது. இரண்டு பேர் சுமாரான ஓர் உணவகத்தில் சாப்பிட்டால் என்ன ஆகுமோ, அதுதான் என் வரம்பு. இணையத்தில் தேடினால் எல்லாப் பட்டியலிலும் அதே சரக்கு: கயிறு பின்னிய கைவளையம், பத்து வேலை செய்யும் இரும்பு அட்டை, மலைப்படம் போட்ட கோப்பை. உண்மையில் நடப்பவர்கள் இவற்றைத் தொடுவார்களா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பைக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு நோட்டில் எழுதி வைக்கிறவன் அவன். அதை நினைத்தாலே எதை வாங்கவும் பயமாக இருக்கிறது.

கிராம்கணக்கு

உங்கள் தம்பி என் இனம். என் பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

முதலில் வாங்கக் கூடாதவை. காலணி, முதுகுப்பை, தூக்கப்பை, மழைச்சட்டை இந்த நான்கின் பக்கமே போகாதீர்கள், பாதி விலைக்குக் கிடைத்தாலும். முதுகுப்பையின் அளவு ஆளின் உயரத்தைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை உள்ள முதுகின் நீளம்தான் அளவு. ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு அது வேறு வேறாக இருக்கும். காலணியோ இன்னும் மோசம்: நீளம் சரியாக இருந்தாலும் விரல் பக்கம் அகலம் போதாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். இவற்றை எல்லாம் அவனே போட்டுப் பார்த்து, நடந்து பார்த்து, திருப்பிக் கொடுத்து, மறுபடி வாங்கியிருப்பான்.

வாங்க வேண்டியது, தேய்ந்து தீர்ந்துபோகும் பொருள். அவனிடம் எத்தனை இருந்தாலும் இன்னொன்று வேண்டும் என்ற நிலையில் உள்ளது எதுவோ அது. அந்த வரிசையில் முதலிடம் சாக்ஸுக்குத்தான். மெரினோ என்ற செம்மறியாட்டு வகையின் மெல்லிய கம்பளி கலந்த சாக்ஸ். சிரிக்காதீர்கள். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், ஈரத் தோல் உரசினால் கொப்புளம். மெரினோ இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தோலில் நனைந்த உணர்வைத் தராது. ஈரத்திலும் கொஞ்சம் வெதுவெதுப்பு காக்கும். மூன்றாம் நாளும் கூடாரத்தில் உடன் இருப்பவர் மூக்கைப் பொத்த வேண்டியிருக்காது.

எந்த அளவு, எந்தத் தடிமன் என்று கேட்பீர்கள். அவன் துணி காயப்போட்டிருக்கும்போது ஒரு சாக்ஸை எடுத்துக் குதிகால் பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கம்பளி உதிர்ந்து, வெறும் நைலான் வலை மட்டும் கண்ணாடிபோலத் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதே கம்பெனி, அதே அளவு, அதே தடிமனில் ஒன்று வாங்குங்கள். புதிதாக எதையும் பரிசோதிக்காதீர்கள். தடிமன் மாறினால் காலணியின் பொருத்தமே மாறிவிடும்.

ஒற்றையடிப்பாதை

நீங்கள் சொன்ன மூன்றும் எனக்கு வந்திருக்கின்றன. கைவளையத்தில் தொடங்குகிறேன். அவசரத்தில் பிரித்துக் கயிறாகப் பயன்படுத்தலாம் என்பது விளம்பரம். பிரித்த பிறகு மறுபடி பின்ன முடியாது; எனவே யாரும் பிரிப்பதில்லை; எனவே அது கயிறே இல்லை, வெறும் வளையம். வியர்வையில் ஊறி நாறும் வளையம்.

இரும்பு அட்டையில் கைப்பிடி கிடையாது. அதில் இருக்கும் 'கத்தி'யால் ரொட்டியைக்கூட வெட்ட முடியாது, பிடித்த விரல்தான் வெட்டுப்படும். பாட்டில் திறப்பான் இருக்கிறது. கண்ணாடி பாட்டிலை மலைமேல் யார் சுமக்கிறார்கள்?

கம்பி ரம்பம் ஒன்றும் வந்தது. இரண்டு பக்கமும் வளையம், நடுவில் முறுக்கிய கம்பி. பச்சை மரத்தில் இழுத்தால் சிக்கிக்கொள்ளும், வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். தீ மூட்டவே அனுமதி இல்லாத காடுகளில் மரம் அறுக்கும் கருவி எதற்கு என்று கொடுத்தவரிடம் கேட்க மனம் வரவில்லை.

கோப்பையில்தான் ஆபத்து இருக்கிறது. இரட்டைச் சுவர் உள்ள எஃகுக் கோப்பையை அடுப்பில் வைக்கக் கூடாது. சுவர்களுக்கு நடுவே அடைபட்ட காற்று சூடாகி விரிந்தால் வெடிக்கலாம். அதோடு கல் மாதிரி கனக்கும். உங்கள் தம்பி தராசில் வைத்ததும் முகம் போகும் போக்கை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

சாவிக்கொத்தில் மாட்டும் கொக்கிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஏறுவதற்கு அல்ல' என்று அவற்றின் மேலேயே பொறித்திருக்கும். பாறை ஏறுபவர்கள் பயன்படுத்தும் உண்மையான கொக்கியில் எத்தனை கிலோநியூட்டன் தாங்கும் என்ற எண் இருக்கும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால், விவரம் தெரியாத புதியவர் கையில் கிடைத்தால் வம்பு.

கூடாரவாசி

கயிற்றையே ஒதுக்கிவிடாதீர்கள். வளையமாகத்தான் அது வீண்.

பாராகார்டு என்று விற்கும் அந்தக் கயிறு ஏறக்குறைய 250 கிலோ இழுவிசை தாங்கும். ஒரு சின்னக் கூடாரத்துக்கு அது மிகை. கூடாரத்தை இழுத்துக் கட்ட 2 மில்லிமீட்டர் தடிமனில், வெளிச்சம் பட்டால் பளிச்சிடும் இழை கலந்த கயிறு கிடைக்கிறது. இரவு எழுந்து வெளியே போகிறவன் கால் தடுக்கி, தன் கூடாரத்தைத் தானே சாய்த்துக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி. கூடாரத்தோடு கொடுக்கும் கயிறு பெரும்பாலும் மட்டமானது. பத்து மீட்டர் சுருள் ஒன்றும், இழுத்து இறுக்கும் சின்ன பிளாஸ்டிக் கட்டைகள் நான்கும் வாங்கிக் கொடுங்கள். எனக்கு யாராவது இதைக் கொடுத்தால் அன்றைக்கே பழைய கயிற்றைக் கழற்றி எறிவேன்.

மருந்துப்பெட்டி

முகில்வாணி அக்கா, கடையில் வாங்கும் பரிசைவிட நீங்கள் உட்கார்ந்து செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கால் கொப்புளத்துக்கு ஒரு சின்னப் பொதி. செலவு மிகக் குறைவு. நீண்ட நடையில் மலையேறிகளைப் பாதியில் திருப்பி அனுப்புவது புலியும் கரடியும் இல்லை, குதிகாலில் காசளவு கொப்புளம்.

துத்தநாக ஆக்சைடு பசை கொண்ட, இழுத்தால் நீளாத, கெட்டியான டேப் ஒன்று உண்டு. விளையாட்டு வீரர்கள் மூட்டில் சுற்றுவது. சாதாரண பிளாஸ்திரி வியர்வையில் அரைமணி நேரத்தில் சுருண்டு சாக்ஸில் ஒட்டிக்கொள்ளும். இது நாள் முழுக்க, சில சமயம் குளித்த பிறகும் அப்படியே இருக்கும். ஆனால் உருளை தடிமனாக, கனமாக இருக்கும். முழு உருளையைச் சுமக்க உங்கள் தம்பி ஒப்ப மாட்டான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். முகவரி ஒட்டும் ஸ்டிக்கர் தாள் வாங்கினால், ஸ்டிக்கரை உரித்த பிறகு வழவழப்பான தாள் மிஞ்சும் அல்லவா? அதன்மேல் டேப்பை நீளமாக ஒட்டுங்கள். பிறகு கத்தரியால் குதிகாலுக்குப் பெரிய துண்டுகள், விரலுக்குச் சிறிய துண்டுகள் என்று நறுக்குங்கள். முக்கியம்: ஒவ்வொரு துண்டின் நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டிவிடுங்கள். கூரான மூலைதான் முதலில் சாக்ஸில் சிக்கி உரியத் தொடங்கும். தட்டையாக அடுக்கி, ஜிப் வைத்த சின்னப் பையில் போடுங்கள். கூடவே ஆல்கஹால் துடைப்பான் சில, ஒட்டாத வகைக் காயத்துணி இரண்டு. மொத்தமும் 40 கிராமுக்குள் அடங்கும்.

ஒரு சிறு தாளில் இதையும் எழுதி உள்ளே வையுங்கள்: தோல் சிவந்து, சூடாக உறுத்தத் தொடங்கும்போதே நின்று ஒட்ட வேண்டும். வியர்வையும் எண்ணெய்ப் பசையும் போகத் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். கொப்புளம் ஏற்கெனவே உடைந்திருந்தால் டேப்பை நேரடியாக ஒட்டக் கூடாது, உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும். காயத்துணியை வைத்து அதன்மேல் ஒட்ட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் தூரம்தானே' என்று நடந்துகொண்டே இருக்கும் பிடிவாதக்காரர்களுக்காக அந்தக் கடைசி வரி.

மாத்திரை எதையும் நீங்களாக உள்ளே வைக்காதீர்கள். அது அவன் மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம்.

கிராம்கணக்கு

> மொத்தமும் 40 கிராமுக்குள் அடங்கும்

இதை நான் வழிமொழிகிறேன். பொதியின் மேல் எடையையும் எழுதிக் கொடுங்கள் அக்கா. உங்கள் தம்பி உருகிவிடுவான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நீரோடை

தண்ணீர் வடிகட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? உள்ளீடற்ற இழைகளால் ஆன, கைக்குள் அடங்கும் வடிகட்டிகள் இப்போது விலை குறைந்துவிட்டன. 0.1 மைக்ரான் துளை. பாக்டீரியாவும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளும் தாண்ட முடியாது. வைரஸ் அதைவிடச் சிறியது, தாண்டிவிடும். மனிதக் கழிவு கலக்கும் இடங்களில் இதை மட்டும் நம்பக் கூடாது.

இதைப் பரிசளிப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. ஒருமுறை நனைந்த வடிகட்டி உறைந்துபோனால், உள்ளே பனி விரிந்து இழைகள் விரிசல் விடும். வெளியில் எந்த அடையாளமும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், ஆனால் வடிகட்டாது. அதனால் குளிர் இரவுகளில் அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். இன்னொருவர் பயன்படுத்திய வடிகட்டியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். எந்த இரவில் உறைந்ததோ யார் கண்டார்?

அவனிடம் ஏற்கெனவே இருந்தால், குளோரின் டையாக்சைடு மாத்திரை ஓர் அட்டை. வடிகட்டி பழுதானால் மாற்று வழி. பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் அரைமணி நேரம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற பிடிவாதமான ஒட்டுண்ணிக்கு 4 மணி நேரம் காத்திருக்க வேண்டும். எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. காலாவதித் தேதி இருப்பதால் அவ்வப்போது புதிதாக வாங்கியே ஆக வேண்டிய பொருள், கிராம்கணக்கு சொன்ன இலக்கணத்துக்கும் பொருந்துகிறது.

இரவுநடை

ஹெட்லாம்ப், அதாவது தலையில் மாட்டும் விளக்கு வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும். பெட்டியின் மேல் எத்தனை லுமென் (வெளிச்சத்தின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணின் பின்னால் ஓடாதீர்கள். முழு வெளிச்சத்தில் சில மணி நேரம்தான் வரும். கூடாரத்துக்குள் அவ்வளவு வெளிச்சம் எதிரே இருப்பவர் கண்ணைக் குத்தும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சிவப்பு விளக்கு: இருட்டுக்குப் பழகிய கண் மங்கலான சிவப்பில் தன் பழக்கத்தை இழக்காது. வரைபடம் பார்த்துவிட்டு அணைத்தாலும் நட்சத்திரம் தெரியும். சிவப்புக்குப் போக வெள்ளையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால் பயனில்லை, நேரடியாக எரிய வேண்டும். இரண்டு, பூட்டு வசதி. பைக்குள் பொத்தான் அழுந்தி நாள் முழுக்க எரிந்து, இரவில் தேவைப்படும்போது செத்துக் கிடக்கும் விளக்கு இல்லாத குழுவே இல்லை.

அவனிடம் நல்ல விளக்கு இருந்து, அது ஏஏஏ பேட்டரி போடும் வகை என்றால், லித்தியம் பேட்டரி ஒரு பொதி வாங்கிக் கொடுங்கள். ஆல்கலைன் ஒன்று 11.5 கிராம் என்றால் இது 7.5 தான், கடுங்குளிரிலும் சோர்ந்துபோகாது. பழைய விளக்குகள் சிலவற்றில் லித்தியம் போடக் கூடாது என்று குறிப்பேட்டில் இருக்கும், அதை மட்டும் பாருங்கள்.

பழையநடை

எல்லாரும் கடைவீதியிலேயே நிற்கிறீர்கள். எம்மா கேட்வுட் என்ற அம்மையார் 1955இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பாதை. காலில் கேன்வாஸ் காலணி. தோளில் தாமே தைத்த துணிப்பை. மழைக்குக் குளியலறைத் திரை. பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். அவருக்கு யாராவது பரிசு கொடுக்க நினைத்திருந்தால் என்ன கொடுத்திருப்பார்கள் என்று யோசிப்பதுண்டு.

முகில்வாணி அம்மா, காசில்லாத பரிசுகள் இருக்கின்றன. மலையேறுபவன் தவறாமல் அல்லாடுவது ஒரு விஷயத்துக்கு: பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வது, முடியும் இடத்திலிருந்து வீட்டுக்கு வருவது. கடைசிப் பஸ் போய்விட்டிருக்கும். ஈரக் காலணியும் பசியுமாக நிற்கிறவன் முன்னால் கார் வந்து நின்று, உள்ளே காய்ந்த துண்டும் மாற்றுச் செருப்பும் குளிர்ந்த தண்ணீரும் இருந்தால், அதற்கு ஈடான பொருள் எந்தக் கடையிலும் இல்லை. 'ஒருமுறை கொண்டுபோய் விட்டு, ஒருமுறை அழைத்து வருகிறேன்' என்று ஓர் அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தேதி அவன் விருப்பம்.

உட்கார ஒரு துண்டு நுரைப்பாயும் நல்ல பரிசுதான். பழைய மூடுதுளை (தண்ணீரை உறிஞ்சாத) நுரைப்பாய் வீட்டில் கிடந்தால் 30க்கு 40 சென்டிமீட்டரில் வெட்டுங்கள். ஈரப்பாறையில் உட்காரலாம், கூடாரத்தில் முழங்காலுக்கு அடியில் போடலாம், அடுப்புக்குக் காற்று மறைக்க மட்டும் வேண்டாம், உருகிவிடும். கடையில் இதையே மடித்து, பெயர் அச்சிட்டு, நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

முகில்வாணி

ஐயா, அந்தக் கார் யோசனையைப் படித்ததும் என் கணவர் "அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்" என்றார். அவர் காலையில் எழுந்தால் பார்ப்போம்.

மூன்று சந்தேகம். விசில், அவசரகாலப் போர்வை மாதிரி எதையாவது கொடுத்தால் 'அக்கா என்னை நம்பவில்லை' என்று நினைப்பானா? அடுப்புக்கான எரிவாயுக் குப்பி தீர்ந்துபோகும் பொருள்தானே, அது சரியா? கடைசியாக, பேசாமல் பணமாகவோ கூப்பனாகவோ கொடுத்துவிட்டால் என்ன?

இரவுநடை

விசிலுக்கு முன் அவனுடைய பையைப் பாருங்கள். நெஞ்சுப்பட்டை பூட்டிலேயே பல கம்பெனிகள் ஒரு விசிலை வைத்திருக்கின்றன. ஊதிப் பாருங்கள், பெரும்பாலும் கீச்சென்று பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. அப்படியானால் உள்ளே பந்து இல்லாத வகை விசில் வாங்குங்கள். கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், பந்து சிக்கி விசில் ஊமையான எரிச்சலில் உருவாக்கச் செய்தது. 1987இல் விற்பனைக்கு வந்தது. உறைவதற்கும் சிக்குவதற்கும் உள்ளே எதுவும் இல்லை.

ஆல்ப்ஸ் மலைகளில் வழக்கமான அவசரக் குறி: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி. கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று முறை ஊதிப் பதில் சொல்வார்கள். வட அமெரிக்காவில் மூன்று முறை ஊதுவதே உதவிக்கான அழைப்பு. நம்பிக்கையின்மை என்றெல்லாம் யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஒற்றையடிப்பாதை

அவசரகாலப் போர்வையைப் பற்றி: அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், நாசா 1964இல் விண்வெளிப் பயன்பாட்டுக்காக உருவாக்கியது. உடலிலிருந்து வெளியேறும் கதிர்வெப்பத்தில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும், காற்றையும் மழையையும் தடுக்கும். தரை உறிஞ்சும் குளிரைத் தடுக்காது; அதற்கு ஐயா சொன்ன நுரைப்பாய்தான். மலிவு, இலேசு, கொடுக்கலாம். ஆனால் அதை மட்டும் தனியாகப் பொதிந்து பிறந்தநாள் பரிசு என்று நீட்டினால் கொஞ்சம் அமங்கலமாகத்தான் இருக்கும். வேறொன்றோடு சேர்த்துச் செருகிவிடுங்கள்.

கூடாரவாசி

எரிவாயுக் குப்பியை நேரில் கொடுப்பதானால் பரவாயில்லை. விமானத்தில் எந்தப் பெட்டியிலும் ஏற்ற விடமாட்டார்கள். தம்பி விமானமேறிப் போய் மலையேறுகிறவன் என்றால் அது வீட்டிலேயே கிடக்கும். அடுப்போடு பொருந்தும் மூடியா என்பதும் பார்க்க வேண்டும்: திருகும் வகை, குத்தும் வகை, செருகும் வகை என்று ஒன்றுக்கொன்று சேராது.

அதற்குப் பதில் சின்ன லைட்டர் இரண்டு. மிக மலிவான, சக்கரத்தை உருட்டும் வகை. பொத்தானை அழுத்தும் வகை உயரத்தில் சொதப்பும். குளிரில் உள்ளிருக்கும் வாயு ஆவியாக மறுத்தால் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். இரண்டும் இரண்டு வேறு பையில் இருக்க வேண்டும், அதுதான் இரண்டு வாங்குவதன் பொருளே. லைட்டரும் விமானத்துக்கு ஆகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், விதிகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

பனிமூட்டம்

கூப்பன் வேண்டாம் என்பது என் கருத்து. கூடப்பிறந்தவர்களுக்குள் கூப்பன் கொடுப்பது 'உன்னைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை' என்று சொல்வது போல.

கிராம்கணக்கு

நான் மறுக்கிறேன். யோசித்து, அன்போடு வாங்கிய தவறான பொருளைவிட யோசிக்காமல் கொடுத்த கூப்பன் மேல். தவறான பொருளை வாங்கியவன் அதைத் தூக்கிப்போடவும் முடியாமல், சுமக்கவும் முடியாமல், அக்கா கேட்கும்போதெல்லாம் 'நன்றாக இருக்கிறது' என்று பொய் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்.

பனிமூட்டம்

இலேசான பொருள் என்ற ஒரே அளவுகோலால் உலகத்தையே நிறுக்கிறீர்கள். எல்லாப் பரிசும் மலைக்குப் போக வேண்டும் என்று சட்டமா? அவன் போய்வந்த பாதையின் நிலவரைபடத்தை வாங்கிச் சட்டம் போட்டுக் கொடுங்கள். 1:25,000 அளவில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். சமவுயரக் கோடுகள் நெருங்கும் இடத்தில் எவ்வளவு மூச்சு வாங்கியது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அல்லது அவன் தொலைபேசியில் கிடக்கும் படங்களில் நல்லது ஒன்றைப் பெரிதாக அச்சிடுங்கள். அவை சுவரில் இருக்கும். ஒரு கிராமும் பையில் ஏறாது.

கிராம்கணக்கு

வரைபடம் நல்ல யோசனை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அவன் நடந்த பாதையை மெல்லிய சிவப்புப் பேனாவால் வரைய அவனையே விட்டுவிடுங்கள், நீங்கள் வரைந்தால் தவறான திருப்பத்தைத்தான் முதலில் பார்ப்பான்.

கூப்பன் விஷயத்தில் ஒரு நடுவழி: அப்பா, அம்மா, நண்பர்கள் எல்லாரும் தனித்தனியாகச் சின்னச் சின்னதாக வாங்குவதற்குப் பதில், காசைச் சேர்த்து அவன் பட்டியலில் இருக்கும் ஒரே ஒரு நல்ல பொருளை வாங்குவது. பட்டியல் எங்கே என்கிறீர்களா? அந்த நோட்டு இருக்கிறதே. கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். எங்கள் இனத்தில் எல்லாரும் திரும்பி வந்த அன்றே எது உதவவில்லை, எது உடைந்தது என்று எழுதி வைப்போம்.

குழிதோண்டி

கூச்சப்படாமல் ஒருவர் சொல்லத்தானே வேண்டும், நானே சொல்கிறேன்: சிறு மண்வாரி. கழிப்பறை இல்லாத காட்டில் நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும் என்பது ஒழுங்கு. அந்த ஆழத்தைக் குச்சியாலும் காலணி நுனியாலும் தோண்ட முயன்றவர்களுக்குத் தெரியும், பாதியிலேயே 'போதும்' என்று விட்டுவிடுவார்கள். அலுமினியத்தில் 20 கிராமுக்கும் குறைவான எடையில் கிடைக்கிறது. தனக்குத்தானே வாங்கிக்கொள்ள எல்லாரும் தள்ளிப்போடும் பொருள், ஆகவே பரிசுக்கு உகந்தது.

முகில்வாணி

பிறந்தநாள் விருந்தில் எல்லார் முன்னாலும் அவன் இதைப் பிரிக்கும் காட்சியை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

தையல்காரி

பழுது பார்ப்பதைச் சொல்ல வந்தேன். கூடாரத்திலும் மழைச்சட்டையிலும் ஓட்டை விழுந்தால் ஒட்டும் நைலான் டேப் ஒன்று, தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் திரவம் ஒன்று. மழைச்சட்டை 'கசிகிறது' என்று புதிதாக வாங்கக் கிளம்புபவர்கள் பலர். மேல்துணியில் இருக்கும் நீர்விலக்கிப் பூச்சு அழுக்கிலும் வியர்வையிலும் மங்கிப் போயிருக்கும், அவ்வளவுதான். சாதாரண சலவைத்தூள் அதைக் கெடுக்கும். அதற்கென்று உள்ள சலவைத் திரவத்தில் துவைத்து, சட்டையின் உள்பட்டியில் அனுமதித்திருந்தால் மிதமான சூட்டில் உலர்த்தினாலே பூச்சு பாதி உயிர்பெறும். ஒரு புட்டித் திரவம், புதுச் சட்டையின் விலையில் மிகச் சிறு பங்கு.

புதியவன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுக்கும் வழக்கம். எனக்கு விழுந்த பெயர் மலையேறும் ஒருவர். அவரோடு இரண்டு வார்த்தை பேசியதுகூட இல்லை. நோட்டை எல்லாம் புரட்ட முடியாது.

நீரோடை

நீளக் கைப்பிடி உள்ள கரண்டி. கொதிநீர் ஊற்றிச் சாப்பிடும் உலர் உணவுப் பைகள் ஆழமானவை. குட்டைக் கரண்டியால் அடியைத் தொட்டால் விரல் கணு வரை குழம்பாகிவிடும். அவரிடம் ஏற்கெனவே இருந்தாலும் நஷ்டமில்லை, கரண்டி தொலையும் பொருள்.

முகில்வாணி

நோட்டைப் பார்த்துவிட்டேன். அவன் குளிக்கப் போன நேரத்தில், நெஞ்சு படபடக்க. கடைசிப் பக்கத்தில் இருந்தவற்றை அப்படியே எழுதுகிறேன்: 'வலது குதிகால் மறுபடியும். விளக்குப் பட்டை தொளதொள. கூடாரக் கயிறு ஒன்று அறுந்தது. மூன்றாம் நாள் பஸ் இல்லை, 9 கி.மீ. தார்ச்சாலையில் நடந்தேன்.'

நீங்கள் எல்லாரும் அவனை நேரில் பார்த்தவர்களா என்று சந்தேகமாக இருக்கிறது. அவன் போடுகிற அதே சாக்ஸ் ஒரு ஜோடி, கொப்புளப் பொதி, கூடாரக் கயிறு வாங்குவதாக முடிவு. கார் அட்டையில் கணவர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வரம்புக்குள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, மண்வாரியை எல்லாரும் போன பிறகு தனியாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

மருந்துப்பெட்டிக்கு ஒரு கேள்வி: ஸ்டிக்கர் தாளில் ஒட்டிப் பார்த்தேன், டேப் வரவே மாட்டேன் என்கிறது. தாளும் சேர்ந்து கிழிகிறது.

மருந்துப்பெட்டி

பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள் அக்கா. ஸ்டிக்கர் இருந்த பக்கத்தில்தான் சிலிக்கோன் பூச்சு இருக்கும். விரலால் தடவினால் வழுக்கும். அந்தப் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தில் அரை சென்டிமீட்டர் தாளை மடித்துவிட்டால், குளிரில் விறைத்த விரலாலும் உரிக்க வரும்.